பெயர் சொல்லி அழைக்கும் கலங்கரைகள்

ஓசூரிலிருந்து தளி செல்லும் சாலையில், தேன்கனிக்கோட்டை வட்டத்துப் பேளகொண்டப்பள்ளியில் ஒரு விமான ஓடுதளம் உண்டு. 1990களில் தனேஜா நிறுவனம் அமைத்த அத்தளம் 7,000 அடிக்குச் சற்று மேற்பட்ட நீளமுடையது. ஓசூருக்கெனப் பன்னாட்டு விமான நிலையம் ஒன்று அமைக்கப்படும் எனத் தமிழக அரசு 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தது. அதன் பின்னர், அதற்குத் தேவையான 2,000 ஏக்கர் நிலம் பற்றியும், பெங்களூரு நிலையத்திலிருந்து 150 கி.மீ. தொலைவுக்குள் வேறு நிலையம் எழுவதைத் தடுக்கும் ஒப்பந்த விதி பற்றியும் நிறையப் பேசினோம். ஆனால் ஒரு கேள்வியை நாம் எழுப்பவே இல்லை: வானில் வரும் விமானம், தான் இறங்க வேண்டிய நிலத்தை எதைக்கொண்டு அறியும்? இவ்வினாவுக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளே விமான வழிகாட்டலின் வரலாறு.

இலக்கியம் பயின்றோர்க்கு இது புதிய வினாவன்று. உயர்ந்த மாடத்தின் மேல் இரவில் ஏற்றிய விளக்கு, கடலில் திசைமாறிய கலங்களுக்குத் துறையைக் காட்டியதைப் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. 'கரைதல்' என்பதற்கு அழைத்தல் என்பது பொருள். ஆகவே கலங்கரை விளக்கம் என்பதற்குக் கலத்தை அழைக்கும் விளக்கு எனப் பொருள் கொள்வதுண்டு.

வானூர்திக்குத் தொடக்கத்தில் அத்தகைய அழைப்பு ஏதும் இருக்கவில்லை. 1932 அக்டோபர் 15ஆம் நாள் கராச்சியிலிருந்து டாட்டாவின் அஞ்சல் விமானம் புறப்பட்டது. பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாட்டா ஓட்டினார், அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு நெவில் வின்சென்ட் கொண்டுவந்தார். தரையில் வானொலி வழிகாட்டி எதுவும் இல்லாத காலம் அது. கண்ணும் காந்தமுள்ளும் வரைபடமுமே துணை. மேகம் மூடினால் துணை போயிற்று.

பின்னர் என்.டி.பி. என்னும் எளிய வானொலி நிலையங்கள் வந்தன. அவை எல்லாத் திசையிலும் ஒரே அலையை வீசும். விமானத்திலுள்ள முள் நிலையம் இருக்கும் பக்கம் திரும்பும். இடி மின்னல் வேளையில் அம்முள் நிலையத்தை விட்டு மின்னலைக் காட்டிவிடுவதும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவிய வி.ஓ.ஆர். நிலையம் இக்குறையை நீக்கியது. அதன் இயக்கம் எளிமையானது. ஓர் அலைக்குறி எல்லாத் திசைக்கும் ஒரேபடியாகச் செல்லும். மற்றொன்று கலங்கரை விளக்கின் ஒளிபோல நொடிக்கு 30 முறை சுழலும். காந்த வடதிசையில் இரண்டும் ஒத்திசையும். பிற திசைகளில் அவற்றிடையே தோன்றும் வேறுபாடே, நிலையத்திலிருந்து விமானம் எந்தக் கோணத்தில் உள்ளது என்பதைச் சொல்லிவிடும். டி.எம்.இ. என்னும் துணைக்கருவி தொலைவைச் சொல்லும். வானத்து நெடுஞ்சாலைகள் எல்லாம் இந்நிலையங்களை இணைத்தே வரையப்பட்டன.

வி.ஓ.ஆரின் பண்பு ஒன்று நம் கவனத்துக்குரியது. அது இடைவிடாமல் தன் பெயரின் எழுத்துகளை மோர்ஸ் ஒலியில் சொல்லிக்கொண்டிருக்கும். பழுதுபார்ப்பின்போது அப்பெயரொலி நிறுத்தப்படும். பெயர் கேட்கவில்லையெனில் அதை நம்பலாகாது என்பது விமானிக்குப் பாலபாடம்.

1983 செப்டம்பர் 1ஆம் நாள் நிகழ்ந்த கொடுமை இவ்வரலாற்றின் திருப்புமுனை. அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குப் புறப்பட்ட தென்கொரிய விமானம் வழிவிலகி, சோவியத் வான்வெளிக்குள் புகுந்து, சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். அன்று ஆங்கரேஜின் வி.ஓ.ஆர். பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது, தானியங்கிக் கருவி தவறான நிலையில் இருந்ததைப் புறப்பட்ட இடத்திலேயே காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய சாட்சி மௌனமாக இருந்தது. அம்மாதமே, அமெரிக்க இராணுவத்தின் ஜி.பி.எஸ். குடிமக்கள் பயன்பாட்டுக்கும் திறக்கப்படும் என்று அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது. 2000 மே மாதம், துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்துவந்த ஏற்பாடும் கைவிடப்பட்டது.

அதன்பின் தரை நிலையங்கள் ஒவ்வொன்றாக மௌனமாயின. உலகளாவிய ஒமேகா அமைப்பு 1997இல் நின்றது. அமெரிக்காவின் லோரான்-சி 2010இல் நின்றது. ஏறத்தாழ 900 வி.ஓ.ஆர். நிலையங்களை 600க்கு அருகில் குறைக்கும் திட்டத்தை அந்நாடு நடத்திவருகிறது. இதற்குரிய காரணங்கள் நியாயமானவை. ஒவ்வொரு நிலையத்துக்கும் தடையற்ற நிலமும் மின்சாரமும் ஆட்களும் வேண்டும். அதன் துல்லியத்தை அவ்வப்போது விமானம் பறக்கவிட்டுச் சோதிக்க வேண்டும். அத்தனைக்குப் பின்னும், ஒரு பாகைப் பிழை 60 கடல்மைல் தொலைவில் ஒரு மைல் விலகலாகிவிடும். செயற்கைக்கோளோ விமானத்தை நிலையத்துக்கு நிலையம் வளைந்து செல்லாமல் நேர்கோட்டில் செல்ல விடுகிறது.

இந்தியாவில் இஸ்ரோவும் விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ககன், ஜி.பி.எஸ். பிழைகளைத் திருத்தித் தரும் அமைப்பு. அதன் முதன்மைக் கட்டுப்பாட்டு மையம் நமக்கு அண்மையிலுள்ள பெங்களூருவில்தான் இருக்கிறது. காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் வழியே செல்வதால் இங்கே அயனி மண்டலத்தின் கொந்தளிப்பு மிகுதி. 1963இல் தும்பா ஏவுதளத்துக்கு இடம் தேர்ந்ததும் அக்கோட்டை முன்னிட்டே. அக்கொந்தளிப்பு செயற்கைக்கோள் சைகைகளைத் தடுமாறச் செய்வதால், ககனை உருவாக்கியோர் கடினமான கணக்கொன்றைத் தீர்க்க வேண்டியிருந்தது. 2013லும் 2015லும் அதற்கு இருகட்டச் சான்றிதழ்கள் கிடைத்தன. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கட்டில் ஒரு பயணியர் விமானம் ககன் துணையுடன் இறங்கியது. விலைமிக்க தரைக் கருவிகள் இல்லாத சிறுநகரங்களுக்கும் நம்பகமான தரையிறக்கம் வாய்க்கும் என்பது இதன் பெரும்பேறு. ஓசூர் போன்ற ஊர் இதனால் பெறக்கூடிய நன்மையைக் குறைத்து மதிப்பிட நாம் விரும்பவில்லை.

ஆயினும் இருபதாயிரம் கி.மீ. உயரத்திலிருந்து வரும் சைகை மிக மெல்லியது. அதைவிட உரத்த பொய்யை எழுப்புவது எளிது. வி.ஓ.ஆரையும் போலிசெய்யலாம், ஆனால் அதனால் கெடுவது ஒரு நிலையம் மட்டுமே. செயற்கைக்கோள் சைகை கெட்டாலோ, கெட்ட பரப்பு முழுவதும் கெட்டது. இத்தகைய குறுக்கீட்டால் ஃபின்ஏர் நிறுவனம் 2024இல் எஸ்டோனியாவின் டார்ட்டு நகருக்கான சேவையை ஒரு மாதம் நிறுத்திவைத்தது, ஜி.பி.எஸ். சாராத தரையிறங்கு முறை அங்கே ஏற்படுத்தப்பட்ட பின்பே சேவை மீண்டது. நம் நாட்டில் 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை, பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பகுதிகளில், 465 நிகழ்வுகள் பதிவாயின. 2025 நவம்பரில் தில்லியில் ஜி.பி.எஸ். வழி இறங்க முயன்ற சில விமானங்களும் போலிச் சைகைகளைச் சந்தித்தன. மரபான தரைக்கருவிகள் இயங்கிய மற்ற ஓடுபாதைகளில் பாதிப்பில்லை என்றும், தரை வழிகாட்டிகளின் குறைந்தபட்ச வலையமைப்பு ஒன்று பேணப்படுகிறது என்றும் அமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார்.

இந்தக் 'குறைந்தபட்சம்' என்னும் சொல்லில்தான் நம் கவலை நிற்கிறது. 1802இல் பரங்கிமலை அருகே ஒரு கோட்டை அளந்து நில அளவையைத் தொடங்கிய லாம்டன், மலையுச்சிகளின் வழியே முக்கோணங்களைக் கோத்து மைசூர்ச் சீமையை அடைந்தார். அங்கே தம் கணக்கை நம்பி அவர் அமைதியடையவில்லை. 1804இல் பெங்களூருக்கருகே மற்றொரு கோட்டைத் தரையில் அளந்து ஒப்பிட்டார். வேறுபாடு சில அங்குலங்களே. அந்த இரண்டாம் அளவு முதல் அளவுக்குப் போட்டியன்று, சாட்சி.

தரை வழிகாட்டிகளின் எஞ்சிய கடமையும் அதுவே. அவை எண்ணிக்கையில் குறையட்டும். ஆனால் எத்தனை நிலையங்கள், எங்கெங்கே என்பதை வரவுசெலவுக் கணக்கு மட்டும் முடிவு செய்யலாகாது. பெட்டியில் முள் இருந்தும் அதைப் படிக்கத் தெரியாத தலைமுறை உருவாகுமெனில், நிலையங்களைக் காத்தும் பயனில்லை. எனவே விமானிகளின் பயிற்சியிலும் இக்கலை நிலைக்க வேண்டும். ஓசூரில் நிலையம் எழும் நாளில், ககனின் துணையோடு, தன் பெயரைத் தானே சொல்லும் ஒரு கலங்கரையும் அதற்கு வேண்டும் என்று இவ்வட்டாரத்தார் கேட்பது பழமைப்பற்று ஆகாது.