லெவிஞ்ச், வேர் ஹென்றி

வேர் ஹென்றி லெவிஞ்ச் (1819–1885) மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்தவர். 1863-இல் கொடைக்கானல் ஏரியை உருவாக்கியவர். ஏரியைப் பற்றி எழுதுவோர் 'சர் வேர் லெவிஞ்ச்' என்றே இவரைக் குறிப்பிடுவது வழக்கம். ஆனால் ஏரி உருவான நாளில் இவர் 'சர்' அல்லர். அந்தப் பட்டம் வாழ்நாளின் இறுதியில்தான் வந்து சேர்ந்தது.

லெவிஞ்ச் குடும்பம் அயர்லாந்தின் வெஸ்ட்மீத் பகுதியைச் சேர்ந்தது. முல்லிங்கர் நகருக்கு அருகிலுள்ள நாக்டிரின் கோட்டை அவர்கள் இருப்பிடம். அயர்லாந்து மக்களவையின் அவைத்தலைவராக இருந்து, பின்னாளில் தலைமை நீதிபதியும் ஆன சர் ரிச்சர்ட் லெவிஞ்சுக்கு 1704-இல் பாரோனட் பட்டம் கிடைத்தது. அது தகப்பனுக்குப் பின் மூத்த மகனுக்குப் போகும் பட்டம்; தம்பிமார் தங்கள் பிழைப்பைத் தாங்களே தேடிக்கொள்ள வேண்டும். ஆறாம் பாரோனட்டின் மூத்த மகன் ரிச்சர்ட் ஜார்ஜ் அகஸ்டஸ், படையில் சேர்ந்து கனடாவில் பணியாற்றி, அந்த அனுபவங்களை 1846-இல் நூலாக்கினார்; வெஸ்ட்மீத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். தம்பி வேர் ஹென்றி மதராஸ் சிவில் சர்வீசுக்கு வந்தார்.

கொடைக்கானல் அமைந்துள்ள பழனி மலை அப்போது வெள்ளையருக்குப் புதிதல்ல. 1821-இல் வார்டு என்ற இராணுவ அதிகாரி மலையை அளந்திருந்தார். 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் இரண்டு பங்களாக்களைக் கட்டினர். சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பயந்து குடும்பத்தோடு மலையேறியவர்கள் அவர்கள். ஆனாலும் லெவிஞ்ச் வந்தபோது கொடைக்கானல் சில வீடுகள் கொண்ட குடியிருப்புதான்.

ஓடைகள் கூடும் சதுப்பான பள்ளத்தில் கரை எழுப்பி நீரைத் தேக்கினார் லெவிஞ்ச். சுமார் 60 ஏக்கர் பரப்பில், மலை மடிப்புகளுக்குள் நீர் கைகைகளாகப் புகுந்து நட்சத்திர வடிவம் கொண்டது. செலவில் பெரும்பங்கு அவருடைய சொந்தப் பணம் என்பார்கள். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். வண்டிப் பாதை இல்லாத காலம் அது. பெரியகுளம் பக்கத்திலிருந்து குதிரையிலோ டோலியிலோதான் மேலே வர முடியும். சாமான்கள் ஆட்களின் தலையிலும் தோளிலும் ஏறின. துறைமுகத்துப் படகு ஒன்று ஏறத்தாழ 7,000 அடி உயரத்துக்கு வந்த கதையில், அதைத் தூக்கி வந்தவர்கள் யாருடைய பெயரும் பதிவாகவில்லை. பாதைகள் அமைப்பதிலும் லெவிஞ்ச் காட்டிய அக்கறை கொடைக்கானலை ஓர் ஊராக்கியது.

1867-இல் ஓய்வு பெற்றதும் அயர்லாந்து திரும்பாமல் கொடைக்கானலிலேயே தங்கினார். இந்த ஒரு முடிவே அவரைப் பிற ஆட்சியர்களிடமிருந்து பிரிக்கிறது. கோடையில் ஏறி, மழைக்கு முன் இறங்கிவிடுவதே மற்றவர்கள் வழக்கம்.

1884-இல் அண்ணன் இறக்க, பட்டம் இவருக்கு வந்தது. எட்டாம் பாரோனட்டாக ஏறக்குறைய ஓராண்டே இருந்து 1885-இல் காலமானார். பட்டம் அடுத்து வில்லியம் ஹென்றி லெவிஞ்சுக்குச் சென்றது. வேர் ஹென்றிக்கு நண்பர்கள் எழுப்பிய நினைவுச் சிலுவை கொடைக்கானலில் இருக்கிறது. ஏரியில் படகுக் கழகம் தொடங்கியது 1890-இல்.