தீவக மண்ணும் உக்கும் பொருள்களும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை அதன் கோட்டைகளிலும் கல்வெட்டுகளிலும் மட்டுமன்றி, அது மண்ணுக்கு மீள அளித்த பொருள்களிலும் காணலாம். ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலியன அடங்கிய யாழ்ப்பாணத்துத் தீவகத்திற்கு இக்கூற்றுப் பெரிதும் பொருந்தும். ஈண்டுச் சுண்ணக்கற் பாறையின்மேல் மண் மெல்லிய போர்வையாகவே படிந்துள்ளது. ஆறுகள் இல்லை, மாரி மழையும் கிணற்று நீருமே பயிருக்கு ஆதாரம்.

இம்மண்ணைப் பேணியதிற் பனைக்குப் பெரும்பங்குண்டு. கடகம், பெட்டி, பாய், உமல் ஆகிய யாவும் ஓலையிற் பிறந்தன. கூரையிலும் வேலியிலும் இருந்து பழுதடைந்த ஓலை தோட்டத்தில் தாழ்க்கப்பட்டுப் பசளையாயிற்று. பூவரசங் குழையும் மாட்டெருவும் அதனுடன் சேர்ந்தன. பயன் முடிந்த பண்டம் மண்ணுக்கு உணவாயிற்று எனலாம்.

1933 இல் இங்கிலாந்திற் கண்டறியப்பட்ட பொலித்தீன், காலப்போக்கில் உமலின் இடத்தைக் கவர்ந்துகொண்டது. 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உடைய பொலித்தீனை இலங்கை அரசு 2007 இல் தடைசெய்தது. 2017 இல் உணவு சுற்றும் பொலித்தீன் தாளும் தடைக்குட்பட்டது. மாற்றாக முன்வைக்கப்பட்டவற்றுள் ஒன்றே உக்கும் பிளாஸ்டிக். இக்கருத்தும் புதியதன்று. 1926 இலேயே பிரான்சிய அறிஞர் மொறிசு லெமுவாஞ், பற்றீரியாவினுள் அத்தகைய பொருளொன்றைக் கண்டறிந்திருந்தார்.

ஆயின், உக்கும் என்ற பெயர் மட்டும் போதுமா? மாப்பொருளிலிருந்து பெறப்படும் பொலிலக்ரிக் அமிலப் பிளாஸ்டிக் விரைந்து உக்குவதற்கு, ஏறத்தாழ 58 பாகை செல்சியசு வெப்பமுடைய கூட்டெரு ஆலை வேண்டும். தீவகத்து மண் அவ்வெப்பத்தில் நிலைத்திருப்பதில்லை. 2019 இல் வெளிவந்த பிளிமத் பல்கலைக்கழக ஆய்வில், உக்கும் எனப் பெயரிடப்பட்ட பையொன்று மூன்றாண்டுகள் மண்ணிற் கிடந்தும் பொருள் சுமக்கும் வலுவோடிருந்தது. சிதைந்து துணுக்குகளாகுமாயின், அவை மண்ணின் துளைகளையும் நீரோட்டத்தையும் மாற்றவல்லன. காபன் மிகுந்த இப்பொருளை உண்ணும் நுண்ணங்கிகள் மண்ணின் நைதரசனைக் கவர்வதால், பயிர் சிலகாலம் பட்டினி கிடக்கவும் நேரிடலாம்.

பனையோலையும் காபன் மிகுந்ததே; நுண்ணங்கிகள் அதனை உண்ணும்போதும் இக்குறை நேரும். எனினும், உடன் தாழ்த்த குழையும் எருவும் நைதரசனை ஈடுசெய்தன. ஓலையோ இறுதியில் நீரைப் பிடித்துவைக்கும் சேதனப் பொருளை மண்ணில் விட்டுச்சென்றது. முற்றாக உக்கும் பிளாஸ்டிக்கோ பெரும்பாலும் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாறிவிடுகின்றது. கேடு செய்யாதிருத்தல் வேறு, வளம் சேர்த்தல் வேறு என்பது ஈண்டு நோக்கற்பாலது.

எனவே, எவ்வெப்பத்தில், எத்தனை திங்களில், எதனை எஞ்சவிட்டு உக்கும் என்னும் மூன்று வினாக்களை எழுப்பிய பின்னரே புதுப்பொருளை நம் மண்ணில் இடுதல் தகும். மெல்லிய மண்ணுடைய தீவகம் தவறான சோதனைக்குக் களமாதல் ஆகாது. 1978 இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் நோக்கும், ஓலை தாழ்த்த முன்னோரின் பட்டறிவும், இன்றைய மண்ணியல் ஆய்வும் ஒன்றிணையுமாயின், இவ்வினாக்களுக்கான விடை நம் மண்ணிலேயே கிடைக்கும்.