கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தோட்டம்

குளிர் நாடுகளில் பனிக்காலம் முடிந்து இளவேனில் எட்டிப் பார்க்கும் மார்ச் மாதத்தில் வீடுகள் புதுக்கோலம் பூணத் தொடங்குகின்றன. சன்னல் ஓரங்களில் பூந்தொட்டிகள் ஏறுகின்றன. மேசைகளின் மீது, மூடிய கண்ணாடிச் சாடிகளுக்குள் சின்னஞ்சிறு பெரணிச் செடிகளும் பாசிகளும் பச்சைப் பசேலென்று காட்சி தருகின்றன. இந்தச் சாடியைப் பார்ப்பவர்கள் இதை வெறும் அலங்காரப் பொருள் என்றே எண்ணுவர். ஆனால் இதே கண்ணாடிச் சாடியின் உடன்பிறப்புதான் நீலகிரிக்குச் சின்கோனாவையும் இலங்கைக்கு இரப்பரையும் கொண்டுவந்து சேர்த்தது. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

புகை சூழ்ந்த நகரம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் நகரம் நிலக்கரிப் புகையில் மூழ்கிக் கிடந்தது. அந்நகரின் கிழக்குப் பகுதியில் நத்தேனியல் பாக்ஷா வார்டு (1791-1868) என்ற மருத்துவர் வாழ்ந்து வந்தார். சிறு வயதில் ஜமைக்கா தீவுக்குச் சென்றிருந்தபோது அங்குள்ள செடி கொடிகளின் அழகில் அவர் மனம் பறிகொடுத்தார். இலண்டனிலும் அத்தகைய பசுமையைக் காண விரும்பித் தம் வீட்டு முற்றத்தில் கற்களை அடுக்கிப் பெரணிகளை நட்டார். புகையும் கரித்தூளும் அவற்றை ஒவ்வொன்றாக மாய்த்துவிட்டன.

கூட்டுப்புழு காட்டிய வழி

1829ஆம் ஆண்டில் அவர் வேறோர் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணில் புதைத்து, அதை வாயகன்ற கண்ணாடிப் புட்டியில் வைத்து மூடினார். பூச்சி வெளிவருவதைக் காண்பதே அவர் நோக்கம். நாள்தோறும் பார்த்து வந்தபோது வேறொன்று அவர் கண்ணில் பட்டது. பகலில் மண்ணிலிருந்து எழுந்த ஈரம் கண்ணாடியில் துளிகளாகப் படிந்து, மீண்டும் மண்ணிலேயே இறங்கியது. பூச்சி வெளிவரச் சில நாள்களுக்கு முன் மண்ணின் மேற்பரப்பில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன!

முற்றத்தில் பிழைக்காத பெரணி புட்டிக்குள் எப்படிப் பிழைத்தது? வார்டு அந்தப் புட்டியைத் தம் அறைச் சன்னலுக்கு வெளியே வைத்தார். ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாமலே அச்செடிகள் ஏறத்தாழ 4 ஆண்டுகள் வாழ்ந்தன. அவர் ஊரில் இல்லாத சமயத்தில் மூடி துருப்பிடித்து, மழைநீர் உள்ளே புகுந்ததால்தான் அவை அழிந்தன.

உள்ளே நடப்பது என்ன?

செடியின் வேர்கள் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுகின்றன. இலைகள் அந்நீரை ஆவியாக வெளிவிடுகின்றன. இதுவே நீராவிப்போக்கு. திறந்த வெளியில் அந்த ஆவி காற்றோடு போய்விடும். மூடிய சாடியில் அது கண்ணாடிச் சுவரில் பட்டுக் குளிர்ந்து, நீராகி, மண்ணை அடைகிறது. கடல்நீர் ஆவியாகி மேகமாகி மழையாகப் பெய்வதும் இதே முறையில்தான்.

காற்றுக்கு என்ன வழி என்று நீங்கள் கேட்கலாம். பகலில் ஒளிச்சேர்க்கையின்போது செடி கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு உயிர்வளியை வெளிவிடுகிறது. செடி சுவாசிக்கும்போதும், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சருகை மக்கச் செய்யும்போதும் கரியமில வாயு திரும்பக் கிடைக்கிறது. அதோடு, மூடியின் இடுக்கு வழியே வெளிக்காற்றும் சிறிது சிறிதாக உள்ளே வந்து போகும். கரித்தூள் மட்டும் உள்ளே வந்து இலைகளில் படிவதில்லை.

கடல் கடந்த பெட்டிகள்

அக்காலத்தில் செடிகளைக் கப்பலில் கொண்டுவருவது பெரும் போராட்டமாக இருந்தது. உப்புக் காற்றும் நன்னீர்ப் பற்றாக்குறையும் அவற்றைக் கொன்றன. சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்படும் ஆயிரம் செடிகளில் ஒன்றுதான் பிழைக்கிறது என்று ஜான் லிவிங்ஸ்டன் என்பவர் 1819இல் கணக்கிட்டார்.

வார்டு தம் புட்டியைப் பெரிதாக்கி, மரச்சட்டமும் கண்ணாடிக் கூரையும் கொண்ட பெட்டிகளைச் செய்வித்தார். 1833இல் பெரணிகளும் புற்களும் நிறைந்த இரண்டு பெட்டிகள் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குப் புறப்பட்டன. செடிகள் நலமாகப் போய்ச் சேர்ந்தன. 1834இல் அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகளை நட்டுத் திருப்பி அனுப்பினர். சிட்னியின் கடும் வெயிலில் புறப்பட்டு, தென் அமெரிக்காவின் தென்முனையில் பனி கொட்டும் கடலைக் கடந்து, பல மாதப் பயணத்துக்குப்பின் அவை உயிரோடு இலண்டன் வந்தன. வழியில் ஒருமுறைகூட அவற்றுக்கு நீர் ஊற்றவில்லை.

வரவேற்பறையில் பெரணிகள்

1842இல் வார்டு தம் கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நெரிசலான நகரங்களில் வாழும் ஏழை மக்களும் இம்முறையால் பசுமையைக் கண்டு மகிழலாம் என்பது அவரது ஆசை. 1845இல் பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டது, கண்ணாடி மலிந்தது. விரைவில் வேலைப்பாடுகள் நிறைந்த கண்ணாடிப் பெட்டிகள் வசதி படைத்தோரின் வரவேற்பறைகளை அழகு செய்தன. பெரணி சேர்க்கும் ஆசை ஒரு பித்தாகவே மாறியது. சார்லசு கிங்ஸ்லி என்ற எழுத்தாளர் 1855இல் இதற்கு 'பெரணிப் பித்து' என்று பொருள்படும் ஒரு பெயரையே சூட்டினார். விளைவு என்ன? ஆர்வலர்களும் வணிகர்களும் காடுகளில் புகுந்து பெரணிகளை வேரோடு பிடுங்கினர். அயர்லாந்தின் அரிய கில்லார்னிப் பெரணி பல இடங்களில் இல்லாமலே போயிற்று.

நீலகிரியும் இலங்கையும்

அலங்காரத்துக்கு உதவிய பெட்டி அரசாங்கங்களுக்கும் உதவியது. சீனத் தேயிலைக் கன்றுகளை ராபர்ட் பார்ச்சூன் என்பவர் இப்பெட்டிகளில்தான் இமயமலைச் சரிவுகளுக்கு அனுப்பினார்.

மலேரியாவுக்கு மருந்தான கொயினா, தென் அமெரிக்காவின் ஆண்டீசு மலைகளில் வளரும் சின்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைப்பது. அம்மரத்தை இந்தியாவில் வளர்க்க ஆங்கில அரசு விரும்பியது. 1860இல் கிளமெண்ட்ஸ் மார்க்கம் பெட்டிகளில் கொண்டுவந்த கன்றுகள் செங்கடல் வழியே வந்தபோது வெப்பத்தில் நலிந்து, உதகையை அடைந்தும் பிழைக்கவில்லை. கண்ணாடி ஈரத்தைக் காக்கும். ஆனால் வெப்பத்தையும் தேக்கி வைக்கும் அல்லவா? ஈக்வடார் நாட்டில் ரிச்சர்டு ஸ்புரூசு திரட்டிய செம்பட்டைச் சின்கோனாக் கன்றுகள் 1861இல் உதகைக்கு உயிரோடு வந்து சேர்ந்தன. உதகை அரசுத் தோட்டத்தின் மேற்பார்வையாளர் மக்கைவர் அவற்றைப் பெருக்கினார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டங்கள் தோன்றின.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை இலண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவற்றுள் 1,919 கன்றுகள் அதே ஆண்டில் 38 பெட்டிகளில் இலங்கைக்குப் பயணமாயின. ஆசியாவின் இரப்பர்த் தோட்டங்கள் இவ்வாறு தொடங்கின. பிரேசிலின் இரப்பர் வணிகம் பின்னாளில் சரிந்தது. செடிகளைத் தொடர்ந்து மனிதர்களும் இடம் பெயர்ந்தனர். இலங்கையிலும் மலாயாவிலும் தோட்ட வேலைக்காகத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து பெருந்திரளானோர் கப்பல் ஏறினர். பெட்டியில் வந்த செடிகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைத்ததில்லை.

அழையா விருந்தாளிகள்

செடிகளோடு மண்ணும் பயணம் செய்தது. மண்ணோடு பூச்சிகளும் புழுக்களும் பூஞ்சைகளும் பயணம் செய்தன. 1878இல் கியூ தோட்டத்தின் வெப்ப வீட்டில் ஒரு தட்டைப்புழு கண்டுபிடிக்கப்பட்டு, அத்தோட்டத்தின் பெயரையே பெற்றது. உண்மையில் அதன் தாயகம் ஆசியா. மண்புழுக்களைத் தின்னும் அந்தப் புழு தொட்டிச் செடிகளோடு உலகின் பல நாடுகளுக்கும் பரவிவிட்டது.

இத்தகைய ஆபத்துகளை உணர்ந்த நாடுகள் சட்டங்களை இயற்றின. இந்தியாவில் அழிவு செய்யும் பூச்சிகள் பற்றிய சட்டம் 1914இல் வந்தது. 1951இல் பயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை உருவாயிற்று. விமானமும் பிளாஸ்டிக் உறையும் வந்தபின் பெட்டிக்கு வேலை குறைந்தது. கியூ தோட்டத்துக்குக் கடைசிப் பெட்டி 1962இல் பிஜித் தீவிலிருந்து வந்தது.

நீங்களும் செய்து பார்க்கலாம்

வாயகன்ற கண்ணாடிப் புட்டி ஒன்றை நன்கு கழுவிக்கொள்ளுங்கள். அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குச் சிறு கூழாங்கற்களைப் பரப்பி, மேலே நொறுக்கிய அடுப்புக்கரியைத் தூவுங்கள். அதன்மேல் இலைமக்கு கலந்த மண்ணை இட்டு, ஒரு சிறு பெரணியையும் சிறிது பாசியையும் நடுங்கள். மண் நனையும் அளவுக்கு மட்டும் நீர் தெளித்து மூடுங்கள். நேர் வெயில் படாத, ஆனால் வெளிச்சம் உள்ள இடத்தில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் வைத்தால் மார்க்கத்தின் சின்கோனாவுக்கு நேர்ந்த கதிதான் உங்கள் பெரணிக்கும் நேரும். கண்ணாடி முழுதும் நாள் முழுவதும் நீர் படிந்திருந்தால் மூடியைச் சிறிது நேரம் திறந்து வையுங்கள். துளி எதுவும் தோன்றாவிட்டால் சிறிது நீர் தெளியுங்கள். காலையிலும் மாலையிலும் துளிகள் எந்தப் பக்கம் படிகின்றன என்று ஒரு மாதம் குறித்து வந்தால், பாடநூலில் படித்த நீர்ச்சுழற்சியைக் கண்ணாரக் காணலாம்.

ஆனால் பெரணியைத் தேடி மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குப் போக வேண்டாம், நாற்றுப்பண்ணையில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கிணற்றுச் சுவரிலும் ஈரமான மதிலிலும் தானே முளைத்திருக்கும் பெரணிக் கன்று ஒன்று கிடைத்தால் அதுவே போதும். வார்டின் புட்டியில் முளைத்ததும் அப்படித் தானாக வந்த ஒன்றுதானே!