எடை கூடாமல் அழுத்தும் காற்று

காற்று விமானத்தைத் தூக்குகிறது என்பதை நாம் அறிவோம். அதே காற்றைக் கொண்டு ஒரு வாகனத்தைத் தரையோடு அழுத்தவும் முடியும். பந்தயக் கார்களின் வரலாற்றையே மாற்றிய இவ்வுண்மையைச் சற்று ஆராய்வோமா?

வளைவில் திரும்பும் காரை வெளிப்புறம் வழுக்காமல் காப்பது சக்கரங்களுக்கும் தரைக்கும் இடையேயுள்ள உராய்வு விசையாகும். தரையை அழுத்தும் விசை மிகுந்தால் உராய்வும் மிகும். அப்படியானால் காரில் நான்கு மணல் மூட்டைகளை ஏற்றினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. மூட்டைகள் உராய்வைக் கூட்டும்போதே நிறையையும் கூட்டிவிடுகின்றன. அந்நிறையைத் திருப்புவதற்கு அதே விகிதத்தில் கூடுதல் விசை தேவைப்படும். ஆதாயம் ஏதுமில்லை! நிறை கூடாமல் அழுத்தம் மட்டும் கூட வேண்டும். அதைக் காற்றால் தர முடியும்.

1956ஆம் ஆண்டில் மைக்கேல் மே என்னும் சுவிஸ் பொறியாளர், விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற ஓர் அமைப்பைத் தம் போர்ஷ் காரின்மேல் பொருத்தி, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களத்திற்குக் கொண்டுவந்தார். அதிகாரிகள் அதைக் கழற்றச் செய்தனர்.

பத்தாண்டுகளுக்குப் பின், அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஜிம் ஹால் ‘சாப்பரல் 2-ஈ’ காரை உருவாக்கினார். உயர்ந்த கம்பங்களின்மேல் நின்ற அதன் இறக்கை, அழுத்தத்தை நேரே பின்சக்கரங்களுக்குச் செலுத்தியது. நேர்ச்சாலையில் ஓட்டுநர் இடக்காலால் ஒரு மிதியை அழுத்தினால், இறக்கை படுத்துக் காற்றுத் தடையைக் குறைக்கும். காலை எடுத்தால் சாய்ந்து நின்று காரை அழுத்தும். 1966இல் லகூனா செக்கா பந்தயத்தில் முதலிரு இடங்களையும் இக்கார்களே பிடித்தன.

பிறரும் இறக்கை கட்டினர். 1969இல் பார்சிலோனாவில் நடந்த ஸ்பானியப் பந்தயத்தில் இரு லோட்டஸ் கார்களின் இறக்கைகள் முறிந்தன; இரண்டும் மோதி நொறுங்கின. உயரமான இறக்கைகள் தடை செய்யப்பட்டன.

இறக்கைக்கு மற்றொரு குறையும் உண்டு. அதன் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். எனவே 1970இல் ஹால், ‘சாப்பரல் 2-ஜே’ காரின் பின்புறம் இரு விசிறிகளைப் பொருத்தினார். தனி எஞ்சினால் சுழன்ற அவை காரின் அடியிலிருந்த காற்றை உறிஞ்சின. ஓரங்களில் தொங்கிய பிளாஸ்டிக் தகடுகள் வெளிக்காற்று புகாமல் தடுத்தன.

இதன் வலிமையை ஒரு கணக்கால் உணரலாம். வளிமண்டலம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய 1 கிலோகிராம் எடையளவு அழுத்துகிறது. 2 சதுர மீட்டர் பரப்பின் அடியில் இவ்வழுத்தத்தை நூற்றுக்கு 5 பங்கு குறைத்தால் போதும். 1,000 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை கிடைத்துவிடும்!

2-ஜே மூன்று முறை தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்றது. எனினும் கோளாறுகளால் ஒரு பந்தயத்தையும் வெல்லவில்லை. அவ்வாண்டோடு அது தடை செய்யப்பட்டது.

1978இல் லோட்டஸ் 79 விசிறியின்றியே, அடிப்புறத்தின் வளைந்த வடிவத்தால் காற்றழுத்தத்தைக் குறைத்தது. மரியோ ஆண்ட்ரெட்டி உலக வாகையர் ஆனார். ஆனால் ஓரத் தகடு சிறிது சிக்கினாலும் காற்று உட்புகும். அழுத்தம் நொடியில் மறையும். மணல் மூட்டையின் எடை அப்படி மறைவதில்லை. அதனால்தான் 1981இல் நகரும் ஓரத் தகடுகளும், 1983இல் வளைந்த அடிப்புறமும் ஃபார்முலா-1 பந்தயங்களில் விலக்கப்பட்டன. 2022இல் வளைந்த அடிப்புறம் புதிய விதிகளுடன் திரும்பி வந்தது. ஓரத் தகடுகள் வரவில்லை.