பொய் சொல்லும் பதிப்பு எண்

இன்னைக்கு என் தப்புல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

2014-ல் என் மேக் கணினிக்கு பேக்கப் எடுக்க ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன். ஆப்பரேட்டிங் சிஸ்டம் 10.9 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் மட்டுமே அது வேலை செய்யும். அந்த அக்டோபரில் 10.10 வந்தது. அதற்கு மாறிய நாளிலிருந்து பேக்கப் நின்றுவிட்டது. ஒரு எச்சரிக்கைகூட இல்லை. சில வாரம் கழித்து ஒரு ஃபோல்டரைத் தவறுதலா அழிச்சப்போதான் தெரிஞ்சுது. என் ஸ்கிரிப்ட் பதிப்பை எண்ணாகப் பார்க்கவில்லை, எழுத்தாகப் பார்த்தது. எழுத்து வரிசையில் 9-க்கு முன்னால் 1 வருமில்லையா? அதனால் 10.10 பழசாகிவிட்டது.

நான் மட்டுமா இப்படி? விண்டோஸ் 3.1-இன் உண்மையான எண் 3.10. அதற்காக எழுதிய பல புரோகிராம்கள் "முதல் எண் 3-க்குக் குறையக்கூடாது, இரண்டாவது 10-க்குக் குறையக்கூடாது" என்று தனித்தனியாகச் சோதித்தன. விண்டோஸ் 95-இன் எண்ணோ 4.0. நான்கு சரி, பூஜ்யம் தேறாது! ஊர்ல இருக்கிற எல்லா புரோகிராமையும் திருத்த முடியுமா? மைக்ரோசாஃப்ட் வேறு வழி பார்த்தது. பழைய 16-பிட் புரோகிராம்கள் கேட்டால் விண்டோஸ் 95 தன்னை 3.95 என்று சொல்லிக்கொண்டது.

பொய் அதோடு நிற்கவில்லை. விண்டோஸ் 7 உள்ளுக்குள் 6.1 தான். 2013-ல் வந்த 8.1, தன்னைத் தெரியும் என்று அறிவிக்காத புரோகிராம்களிடம் 6.2 என்றது, அது விண்டோஸ் 8-இன் எண். 2020-ல் மேக் 11 வந்தபோது பழைய புரோகிராம்களிடம் 10.16 என்றது. விண்டோஸ் 11 இன்றும் 10.0 தான், பில்ட் எண் 22000-ஐத் தொட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். ரெஜிஸ்ட்ரியில் பெயரைத் தேடினால் விண்டோஸ் 10 என்றே இருக்கும்.

இத்தனை பொய்யும் நம்மைப் போன்றவர்கள் அவசரத்தில் எழுதிய சோதனைகளுக்காகத்தான். அதனால் புள்ளியில் பிரித்து, இடமிருந்து வலமாக எண்களாக ஒப்பிடுங்க. தேவையான வசதி இருக்கிறதா என்று நேராகச் சோதிக்க முடிந்தால், பதிப்பையே கேட்காதீங்க. என் ஸ்கிரிப்ட் இப்போ அப்படித்தான் பார்க்கிறது. பேக்கப் எடுக்காத நாளில் எனக்கு ஒரு மின்னஞ்சலும் வரும்.

அந்த ஃபோல்டர் மட்டும் திரும்பக் கிடைக்கவே இல்லை. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.