கோடு கிழித்தவர் யார்? – நைஜீரிய மாநிலங்கள் பிறந்த வரலாறு



நாம் நாள்தோறும் வெட்டிச் சுமக்கும் செம்பனைக் குலைக்குப் பூர்வீகம் எது என்று கேட்டால், "இதே மண்ணுதானே!" என்று பலரும் சொல்லிவிடுவார்கள். அப்படி அல்ல. செம்பனையின் தாய்வீடு மேற்கு ஆப்பிரிக்கா. நம் சிலாங்கூரில் 1917ஆம் ஆண்டில்தான் அது முதன்முதலாக வாணிபப் பயிராக நடப்பட்டது. அதற்கு நெடுங்காலம் முன்பே, நைஜர் என்னும் பேராறு கடலோடு கலக்கும் இடத்தில், செம்பனை எண்ணெய்க்காக ஆங்கிலேய வணிகர்கள் கப்பல்களை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்துக் கிடந்தார்கள். 1885இல் அந்தக் கரையை ஆங்கில அரசு தன் கைக்குள் போட்டுக்கொண்டது. அப்போது அதற்கு வைத்த பெயரே 'எண்ணெய் ஆறுகள் பாதுகாப்புப் பிரதேசம்' என்பதுதான். மண்ணெண்ணெய் என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம செம்பனை எண்ணெய்தான்!

அந்த மண் இன்று நைஜீரியா என்னும் நாட்டில் இருக்கிறது. 20 கோடிக்கும் அதிகமான மக்கள், 250க்கும் மேற்பட்ட இனக் குழுக்கள். ஆப்பிரிக்காவிலேயே மக்கள் தொகையில் முதலிடம் அதற்குத்தான். அந்த நாட்டை ஆட்சி வசதிக்காகப் பிரித்த எல்லைக் கோடுகள் எத்தனை தடவை மாறின, ஏன் மாறின, யாரைக் கேட்டு மாற்றினார்கள் என்பதையே இக்கட்டுரையில் காண்போம். "வேற நாட்டுக் கதை நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தேசப்படத்தில் ஒரு கோடு என்ன விலை பெறும் என்பதை இந்த நாட்டின் வரலாறு நமக்குத் தெளிவாகக் காட்டும்.

வெள்ளைக்காரன் போட்ட கோடு

1861இல் லாகோஸ் துறைமுகத்தை ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1886இல் 'ராயல் நைஜர் கம்பெனி' என்ற வணிக நிறுவனத்திற்கு ஆற்றோரப் பகுதிகளை ஆளும் உரிமையையே பட்டயமாக எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கம்பெனி நைஜர் ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள அசாபா என்ற ஊரைத் தன் தலைமையிடமாக வைத்துக்கொண்டது. இந்த அசாபா என்னும் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதனிடம் பின்னால் திரும்பி வருவோம்.

1900 ஜனவரி 1ஆம் நாள் கம்பெனி ஆட்சி முடிந்தது. வட நைஜீரியா, தென் நைஜீரியா என்ற இரண்டு பிரதேசங்கள் தோன்றின. 1906இல் லாகோஸ் தெற்கோடு சேர்ந்தது. 1914 ஜனவரி 1இல் லுகார்ட் துரை வடக்கையும் தெற்கையும் ஒன்றாக இணைத்தார். எதற்காக? வடக்கில் வரவுக்கு மேல் செலவு. தெற்கிலோ துறைமுகங்கள் இருந்ததால் சுங்கப் பணம் தாராளமாக வந்தது. இவன் பணத்தை எடுத்து அவன் கடனை அடைக்கலாம் என்ற கணக்குதான் முக்கியமானது. 'நைஜீரியா' என்ற பெயரைக்கூட அந்த மண்ணின் மக்கள் வைக்கவில்லை. 1897இல் இலண்டன் 'டைம்ஸ்' நாளேட்டில் அதை எழுதியவர் ஃபுளோரா ஷா என்ற ஆங்கிலப் பெண்மணி. பின்னாளில் அவரே லுகார்ட் துரையின் துணைவியார் ஆனார்.

1939இல் தெற்கை மேற்கு, கிழக்கு என்று இரண்டாக்கினார்கள். 1946இல் வந்த அரசியல் சட்டம் வடக்கு, மேற்கு, கிழக்கு என்னும் மூன்று வட்டாரங்களை உறுதி செய்தது. வடக்கில் ஹவுசா-ஃபுலானி மக்கள், மேற்கில் யோருபா மக்கள், கிழக்கில் இக்போ மக்கள் என ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு பெரிய இனம் மேலோங்கி நின்றது. 1960 அக்டோபர் 1இல் நாடு விடுதலை பெற்றபோதும் இதே மூன்று வட்டாரங்கள்தான்.

இதில் என்ன கோளாறு என்கிறீர்களா? ஒரு தோட்டத்தில் மூன்று டிவிசன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஒரு டிவிசன் மட்டும் மற்ற இரண்டையும் சேர்த்தாலும் அதைவிடப் பெரிசு. தோட்டம் முழுமைக்கும் தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யார் கை ஓங்கும்? நைஜீரியாவின் நிலப்பரப்பில் முக்கால் பங்குக்கும் மேல் வட வட்டாரத்திலேயே இருந்தது. மக்களிலும் பாதிக்கு மேல் அங்கேதான் என்று கணக்கெடுப்புச் சொன்னது. தெற்கத்தியருக்கு அச்சம். அதே நேரத்தில், படிப்பில் முந்திக்கொண்ட தெற்கத்தியர் உத்தியோகங்களை எல்லாம் பிடித்துக்கொள்வார்களோ என்று வடக்கத்தியருக்கும் அச்சம்.

இவர்களுக்கு இடையில் சிக்கித் தவித்தவர்கள் சிறுபான்மையர். கிழக்கில் இஜா, இபிபியோ, ஒகோனி, மேற்கில் எடோ, வடக்கில் திவ் என்று எத்தனையோ மக்கள் "எங்களுக்குத் தனி வட்டாரம் கொடுங்கள்" என்று கேட்டார்கள். 1957இல் ஆங்கில அரசு வில்லிங்க் என்பவர் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 1958இல் அக்குழு அறிக்கை தந்தது. அச்சம் உண்மையானதுதான், ஆனால் புதிய வட்டாரங்களை உண்டாக்குவது அதற்கு மருந்தாகாது, அடிப்படை உரிமைகளைச் சட்டத்தில் எழுதினால் போதும் என்பது அதன் முடிவு. நோய் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, கேட்ட மருந்தைக் கொடுக்காமல் அனுப்பிய கதைதான்!

ஒரே ஒரு முறை கேட்டார்கள்

1963 ஜூலை 13ஆம் நாள் ஒரு புதுமை நடந்தது. மேற்கு வட்டாரத்தில் இருந்த எடோ, உர்ஹோபோ, ஆற்றோர இக்போ முதலிய சிறுபான்மை மக்களிடம், "உங்களுக்குத் தனி வட்டாரம் வேண்டுமா?" என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். மக்கள் பெருவாரியாக "வேண்டும்" என்றார்கள். பெனின் நகரைத் தலைநகராகக் கொண்ட மத்திய-மேற்கு வட்டாரம் பிறந்தது. மூன்று நான்காயிற்று.

இதிலும் அரசியல் இல்லாமல் இல்லை. மேற்கை ஆண்ட கட்சி இரண்டாக உடைந்து கிடந்த நேரம் அது. அக்கட்சியின் தலைவர் ஒபாஃபெமி அவொலொவோ தேசத்துரோக வழக்கில் சிக்கியிருந்தார். ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, அதுபோல மத்திய அரசில் இருந்தவர்கள் மேற்கின் ஒரு துண்டை எளிதாக வெட்டினார்கள். வடக்கிலும் கிழக்கிலும் சிறுபான்மையர் கேட்ட அதே கோரிக்கைக்குச் செவி சாய்க்கவில்லை. இருந்தாலும் மக்கள் வாக்குச் சீட்டினால் பிறந்த வட்டாரம் என்ற பெருமை அதற்கு உண்டு. நைஜீரிய வரலாற்றில் அதற்கு முன்னும் அப்படி நடக்கவில்லை. இன்றுவரை பின்னும் நடக்கவில்லை.

பன்னிரண்டு கோடும் இரண்டரை ஆண்டுப் போரும்

1966 ஜனவரி 15இல் இராணுவப் புரட்சி. பிரதமர் அபுபக்கர் தஃபாவா பலேவாவும் வட வட்டார முதல்வர் அகமது பெல்லோவும் கொல்லப்பட்டனர். ஆட்சிக்கு வந்த ஜெனரல் இரோன்சி, மே மாதத்தில் வட்டாரங்களையே ஒழித்து, நாடு முழுவதும் ஒற்றை ஆட்சி என்று ஆணை போட்டார். அவர் இக்போ இனத்தவர். "எங்களை அடக்கத்தான் இந்த ஏற்பாடு" என்று வடக்கு கொதித்தது. ஜூலை 29இல் இன்னொரு புரட்சி. இரோன்சியும் கொல்லப்பட்டார். வடக்கில் வாழ்ந்த இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்கள் லட்சக்கணக்கில் கிழக்கே ஓடினார்கள்.

புதிய தலைவர் யாக்குபு கோவோன் பழைய வட்டாரங்களை மீட்டுக் கொடுத்தார். ஆனால் கிழக்கின் ஆளுநர் ஒஜுக்வு பிரிந்து போக ஆயத்தமானார். அப்போதுதான், 1967 மே 27ஆம் நாள், கோவோன் ஒரே அறிவிப்பில் நான்கு வட்டாரங்களையும் கலைத்து 12 மாநிலங்களை உண்டாக்கினார். வடக்கு ஆறாகவும் கிழக்கு மூன்றாகவும் உடைந்தன. மேற்கிலிருந்து லாகோஸ் தனியானது. மத்திய-மேற்கு அப்படியே நின்றது.

இந்தக் கோட்டில் இருந்த சூட்சுமத்தைக் கவனியுங்கள். கிழக்கில் கடற்கரையும் பெட்ரோலிய வயல்களில் பெரும்பகுதியும் சிறுபான்மையர் வாழ்ந்த இடங்களில் இருந்தன. அவற்றை 'ஆறுகள் மாநிலம்', 'தென்கிழக்கு மாநிலம்' என்று தனியாகப் பிரித்துவிட்டார். இக்போ மக்களுக்கு வந்த 'கிழக்கு-மத்திய மாநில'த்துக்குக் கடலே கிடையாது. இக்போ மக்களுக்கு அது கழுத்தை நெரிக்கும் கயிறு. நெடுநாள் தனி மாநிலம் கேட்டுக் கிடந்த இஜா, ஒகோனி மக்களுக்கோ அது விடுதலைச் செய்தி. ஒரே கோடுதான், இரண்டு பேருக்கு இரண்டு அர்த்தம்.

மூன்றே நாளில், மே 30ஆம் தேதி, ஒஜுக்வு 'பயாஃப்ரா' என்ற தனி நாட்டை அறிவித்தார். ஜூலையில் போர் மூண்டது. 1970 ஜனவரி 15இல் பயாஃப்ரா சரணடையும் வரை, பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சம் பேர் வரை மாண்டதாகப் பலவாறு கணக்குச் சொல்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் குண்டடிபட்டுச் சாகவில்லை, பட்டினியால் செத்தார்கள். அதிலும் குழந்தைகளே அதிகம்.

பன்னிரண்டு முப்பத்தாறு ஆன கதை

போர் முடிந்தும் கோடு நிற்கவில்லை. மாணவர்கள் வரிசையாகக் குறித்துக்கொள்ளலாம்.

1976 பிப்ரவரி 3இல் முர்த்தலா முகமது அரசு மாநிலங்களை 19 ஆக்கியது. பழைய வட்டாரப் பகை மறையட்டும் என்று கிழக்கு, மேற்கு என்ற திசைப் பெயர்களை நீக்கி, ஆறு, ஊர் முதலியவற்றின் பெயர்களைச் சூட்டினார்கள். நாட்டின் நடுவில் அபுஜா என்ற புதுத் தலைநகர் கட்டவும் அப்போதுதான் முடிவாயிற்று. பத்தே நாளில் முர்த்தலா சுட்டுக் கொல்லப்பட்டார். 1987 செப்டம்பரில் பாபங்கிடா ஆட்சியில் 21. 1991 ஆகஸ்டில் அதே ஆட்சியில் 30. அவ்வாண்டு டிசம்பர் 12இல் தலைநகர் லாகோஸிலிருந்து அபுஜாவுக்கு மாறியது. 1996 அக்டோபர் 1இல் அபாச்சா ஆட்சியில் 36. அன்றிலிருந்து இன்றுவரை 36 மாநிலங்களும் அபுஜா கூட்டரசுப் பிரதேசமும்தான்.

12, 19, 21, 30, 36 – இத்தனையும் இராணுவ ஆட்சியில், ஆணை மூலம் வந்தவை. ஒன்றுக்குக்கூட மக்கள் வாக்குச் சீட்டுப் போடவில்லை.

ஏன் இப்படிப் பெருகின? பங்காளிச் சண்டையில் பாகம் பிரிப்பது போலத்தான். 1970இல் வந்த ஆணைப்படி, மாநிலங்களுக்கென ஒதுக்கிய பொதுப் பணத்தில் பாதி மாநிலங்களுக்குச் சமமாகவும், பாதி மக்கள் தொகைப்படியும் பிரிக்கப்பட்டது. அப்புறம் கேட்கணுமா? ஒரு மாநிலமாக இருந்தால் ஒரு பங்கு. இரண்டாகப் பிரிந்தால் இரண்டு பங்கு! புது மாநிலம் என்றால் புது ஆளுநர், புது அலுவலகம், புது உத்தியோகம். ஆனால் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? வருவாய்க்கு வழியில்லாமல், மத்திய அரசு தரும் பெட்ரோலியப் பணத்தையே நம்பி நிற்கும் மாநிலங்கள் பல. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரும்பான்மைக்குப் பயந்து ஒரு சிறுபான்மை பிரிந்து போனால், புது மாநிலத்துக்குள் அதுவே பெரும்பான்மை ஆகிவிடும். அதைக் கண்டு பயப்பட இன்னொரு சிறுபான்மை முளைக்கும்.

அசாபா சொல்லும் பாடம்

இப்போது அசாபாவுக்கு வருவோம். அந்த ஊர் மக்கள் இக்போ மொழி பேசுபவர்கள். ஆனால் ஊர் ஆற்றுக்கு மேற்கே இருந்ததால் மேற்கு வட்டாரத்தில் சேர்க்கப்பட்டது. 1963இல் அது மத்திய-மேற்கு. அந்த வட்டாரத்தின் முதல்வராக வந்த டென்னிஸ் ஒசாடெபேயும் அசாபாக்காரரே. 1967 ஆகஸ்டில் பயாஃப்ராப் படை பாலம் தாண்டி வந்து ஊரைப் பிடித்தது. அக்டோபரில் மத்திய அரசுப் படை வந்தது. "நாங்களும் நைஜீரியர்தான்" என்று காட்ட ஊர் மக்கள் விழா உடை உடுத்தி, ஆடிப் பாடி வரவேற்கப் போனார்கள். சிப்பாய்கள் ஆண்களையும் சிறுவர்களையும் தனியாகப் பிரித்து, நூற்றுக்கணக்கில் சுட்டுக் கொன்றார்கள். பேசும் மொழி அவர்களை எதிரியாக்கியது. தேசப்படத்துக் கோடு அவர்களைக் காப்பாற்றவில்லை.

1976இல் அவர்களின் மாநிலத்திற்குப் 'பெண்டெல்' என்று பெயர் மாறியது. 1991இல் அதுவும் எடோ, டெல்டா என இரண்டானது. டெல்டாவின் தலைநகராக அசாபாவையே அறிவித்தார்கள். அதிபரின் துணைவியாருடைய ஊர் என்பதால்தான் இந்த யோகம் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. 1950இல் அசாபாவில் பிறந்த ஒருவர், தம் வீட்டு வாசலை விட்டு ஓரடி நகராமலே, மேற்கு, மத்திய-மேற்கு, பெண்டெல், டெல்டா என நான்கு முகவரிகளில் வாழ்ந்திருப்பார்!

சிந்திக்க வேண்டியது

1999ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் புது மாநிலம் அமைக்க ஒரு வழி சொல்கிறது. அந்தப் பகுதிப் பிரதிநிதிகளில் மூன்றில் இரு பங்கினர் கேட்க வேண்டும். அங்குள்ள மக்கள் வாக்கெடுப்பில் மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும். பிறகு மற்ற மாநிலங்களும் நாடாளுமன்றமும் ஒப்ப வேண்டும். புது மாநிலம் கேட்டுக் கோரிக்கைகள் வந்தபடியே இருக்கின்றன. தென்கிழக்கில் ஐந்தே மாநிலங்கள், மற்ற மண்டலங்களில் ஆறும் ஏழும் இருக்க எங்களுக்கு மட்டும் ஏன் குறைவு என்று இக்போ மக்கள் கேட்கிறார்கள். ஆனால் இந்தச் சட்டப்படி ஒரு மாநிலம்கூட இன்னும் பிறக்கவில்லை. ஆணை போட்டால் ஒரே நாளில் ஒன்பது மாநிலம். மக்களைக் கேட்டுச் செய்வதென்றால் ஒன்றுகூட முடியவில்லை!

இதைக் கொண்டு ஆணையே மேல் என்று எண்ணிவிடாதீர்கள், மாணவர்களே! அவசரத்தில் போட்ட கோடுகளின் வலியைத்தான் மேலே பார்த்தோம். ஒரு இனத்தின் அச்சத்தைக் கேட்டும் கேளாதது போல் விட்டால் அது பெரும் நெருப்பாகும். அதே அச்சத்தை ஆயுதமாக்கி எல்லை பிரித்தாலும் நெருப்புத்தான். பேசி, கேட்டு, பொறுத்துப் போட்ட கோடே நிலைக்கும்.

வகுப்பறைச் சுவரில் ஆப்பிரிக்கத் தேசப்படம் மாட்டியிருந்தால், நைஜர் ஆற்றின் வழியே விரலை நகர்த்திக்கொண்டு போய் அசாபாவைத் தேடிப் பாருங்கள். அந்த வரைபடத்தில் காணும் ஒவ்வொரு கோட்டையும் பார்த்து, "இதைப் போட்டவர் யார்? அங்கே இருந்தவர்களைக் கேட்டார்களா?" என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளை வரலாற்றைப் படிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

வாழ்க கல்வி! வளர்க நல்லறிவு!