இரவல் மின்சாரம்

அடுப்பு மூட்ட அண்டை வீட்டில் நெருப்பு வாங்கி வரும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. மோட்டார் வண்டிக்கும் அத்தகைய இரவல் வேண்டியிருக்கும் வேளை உண்டு. பாட்டரி ஓய்ந்துபோன காரை மற்றொரு காரின் பாட்டரியைக் கொண்டு கிளப்புவதே அது. அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

ஆதியில் மோட்டாரைக் கிளப்பக் கைவலிமையே துணை. வண்டியின் முன்புறத்தில் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுழற்றுவர். இயந்திரம் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். ஆகவே, கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடக்கலாகாது என்பது ஓட்டுநர்க்கு முதற்பாடமாயிற்று.

பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளான்தே, ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க மின்கலத்தை 1859-ல் அமைத்தார். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங், மின்கலத்தின் ஆற்றலால் இயந்திரத்தைச் சுழற்றும் முறையை வகுத்தார். 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் அது இடம்பெற்றது. முறிந்த கைகள் குறைந்தன. பாட்டரியின் தயவு பெருகிற்று.

நம் பக்கத்திலோ, மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் மோட்டார்த் தொழிலைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் அரிதானபோது, அவருடைய நிறுவனம் கரிவாயுக் கருவிகளைச் செய்தளித்தது. கரி கனன்று வாயு திரண்ட பின்னரே வண்டி நகரும்!

இன்றைய கார்களில் ஹேண்டில் செருகத் துளையே இல்லை. எங்கள் பரளச்சியோ வானம் பார்த்த பூமி. கடும் வெயில் பாட்டரியின் ஆயுளைக் குறைக்கும். நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற பெண்ணை அருப்புக்கோட்டைக்குக் கொண்டு செல்ல வேண்டிய நேரத்தில் கார் கிளம்பாவிடின் என் செய்வது? இவ்வறிவு அப்போது ஓர் உயிரைக் காக்கும்.

இரு பாட்டரிகளும் 12 வோல்ட்டாக இருத்தல் வேண்டும். இரண்டு வண்டிகளையும் நிறுத்திவிட்டு, சிவப்புக் கம்பியை முதலில் ஓய்ந்த பாட்டரியின் நேர்முனையிலும், பின்னர் நல்ல பாட்டரியின் நேர்முனையிலும் மாட்டுக. கறுப்புக் கம்பியை நல்ல பாட்டரியின் எதிர்முனையில் மாட்டி, அதன் மறுமுனையைக் கிளம்பாத காரின் இயந்திரத்தில், பாட்டரிக்கு எட்டத்தில் உள்ள வர்ணம் பூசாத உலோகப் பகுதியில் இணைக்க. ஏன் எட்டத்தில்? பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும். ஒரு பொறி பட்டால் அது வெடித்து, அமிலம் கண்ணில் தெறிக்கும். கிளம்பியபின், மாட்டிய வரிசைக்கு நேர்மாறாகக் கழற்றுக.

மின்சாரம் கொடுத்தவர்க்கும் நஷ்டமில்லை. செலவானது அவர் வண்டி ஓடும்போதே திரும்பச் சேர்ந்துவிடும். ஆதலின், ஊருக்கு ஒரு வண்டியிலேனும் அவ்விரு கம்பிகள் இருக்கட்டும்; அவற்றை மாட்டத் தெரிந்தவர் பலர் இருக்கட்டும்.